மனம்விட்டுச் சொன்னது விளம்பரத்துக்குப் போனது

அமெரிக்காவில் இணையவழி மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் மீது அந்நாட்டு அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 மார்ச்சில் நடவடிக்கை எடுத்தது. சேரும்போதே கேட்பார்கள்: மனச்சோர்வு உண்டா, தற்கொலை எண்ணம் வருகிறதா, மருந்து எடுக்கிறீர்களா? ரகசியம் காப்போம் என்று வாக்கும் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் மின்னஞ்சல் முகவரியும் முன்பு சிகிச்சை எடுத்தவர் என்ற தகவலும் ஃபேஸ்புக்குக்குப் போயிருக்கின்றன. எதற்கு? அதே மாதிரி ஆட்களைத் தேடிப்பிடித்து விளம்பரம் காட்ட. முகவரியைக் குறியீடாக மாற்றி அனுப்பினால் மட்டும் சரியாகிவிடுமா? ஃபேஸ்புக்கிடமும் அதே முகவரி இருக்கிறது. அதையும் அப்படியே மாற்றி ஒப்பிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தார் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். அதைவிடப் பெரிது, உடல்நலத் தகவலை விளம்பரத்துக்குப் பகிரக் கூடாது என்ற தடை.