சூடானால் தடுமாறும் கோல்ஃப்

மார்ச் 9, 2024, பிரவுன்ஷ்வைக், ஜெர்மனி

காலைக் குளிரில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது, சீராக ஓடுகிறது. எண்ணெய்ச் சூடு 80 டிகிரியைத் தாண்டியதும் சிக்னலில் நிற்கும்போது மிஸ்ஸிங். 950-இல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் 600-க்கு இறங்கி ஏறுகிறது. ஸ்டீயரிங் உதறுகிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து ஓட்டினால் குறையே தெரியாது.

வண்டி 1983 கோல்ஃப் ஜிடிஐ, 1781 சிசி, கே-ஜெட்ரானிக் என்ற மெக்கானிக்கல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ஒயர், டைமிங் எல்லாம் இன்று பார்த்தாயிற்று, குறையில்லை. மூன்றாம் சிலிண்டர் பிளக் மட்டும் மற்றவற்றைவிட வெளுத்திருக்கிறது. அங்கே பெட்ரோலுக்குக் காற்று அதிகம்.

மார்ச் 10

கோவையில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்தேன். கார்புரேட்டர் வண்டிகளிலேயே வாழ்ந்தவர். “குளிர்ல நல்லா ஓடி, சூட்டுல மிஸ்ஸிங்னா எங்கயோ காத்து இழுக்குது மாப்ளே. ஸ்க்ரூவைத் தொட்டுடாத” என்றார். கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவைச் சொல்கிறார்.

இந்த இன்ஜெக்‌ஷனுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. இதில் கம்ப்யூட்டர் கிடையாது. உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்குகிறது. தட்டோடு சேர்ந்த நெம்புகோல் பெட்ரோல் பிரிக்கும் தலைக்குள் இருக்கும் பிளஞ்சரை, அதாவது பெட்ரோல் வழியைத் திறக்கும் தண்டைத் தள்ளுகிறது. நான்கு இன்ஜெக்டரும் இடைவிடாமல் பீய்ச்சுகின்றன. தட்டைத் தாண்டி ஓட்டை வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது, அதற்கேற்ற பெட்ரோலும் வராது. குளிரில் வார்ம்-அப் ரெகுலேட்டர் பிளஞ்சர் மேலுள்ள அழுத்தத்தைக் குறைத்துக் கலவையை அடர்த்தியாக்குவதால் அந்த ஓட்டை மறைந்துவிடுகிறது. சூடேறி அழுத்தம் கூடியதும் கலவை மெலிகிறது, ஓட்டை வெளியே தெரிகிறது. எத்தனை எளிமையான ஏற்பாடு! கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம் என்பதால்தான் இந்த வண்டியை விட மனம் வரவில்லை.

சூடான ஐட்லிங்கில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். வேறு ஓட்டை இல்லையென்றால், அதன் வழியே நுழையும் காற்றால் இன்ஜின் உடனே திணற வேண்டும். சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. ஏற்கெனவே வேறெங்கோ காற்று தாராளமாகப் போகிறது.

மார்ச் 16

காற்றைத் தேடுமுன் அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் சந்தேகம் தீராது. பம்ப் ரிலேயைப் பைபாஸ் செய்து, பெட்ரோல் தலைக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் கேஜைப் பொருத்தினேன். சிஸ்டம் அழுத்தம் 5 பார். பிளஞ்சர் மேலுள்ள கண்ட்ரோல் அழுத்தம் குளிரில் 1.5-ஐ ஒட்டி, ரெகுலேட்டர் சூடான பிறகு 3.6. மூன்றுமே சரி. ரெகுலேட்டர் விலை உயர்ந்த சாமான். கேஜ் வைக்காமல் அதை மாற்றிவிட்டு வருந்துபவர்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் குளிரில் கூடுதல் காற்று விடும் ஆக்சிலரி ஏர் வால்வு. சூடான நிலையில் அதன் குழாயைப் பிடித்து நசுக்கினேன், ஆர்பிஎம் இறங்கவில்லை. வால்வு முழுதாக மூடுகிறது. திராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி மடித்துப் பார்த்தேன், விரிசல் இல்லை.

மார்ச் 23

இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே பிரேக் கிளீனர் அடித்துச் சோதிப்பது தீப்பிடிக்க வழி. அதனால் செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு இன்ஜெக்டர் அடியிலும் மெல்லத் தெளித்தேன். முதல் இரண்டிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் தண்ணீர் பட்டதும் ஓட்டம் ஒரு கணம் சீரானது. மறுபடி தெளித்தேன், மறுபடி சீரானது.

இன்ஜின் ஆறிய பிறகு இன்ஜெக்டரை உருவினேன். நன்றாக இருக்கும் சீல் என்றால் இழுக்கக் கை வலிக்கும். இது தானாகவே கழன்று வந்தது. சீலாக இருக்கும் ரப்பர் ஓ-ரிங் பிளாஸ்டிக் போல் இறுகிப் பட்டையாகிவிட்டது. அது உட்காரும் குடுவையின் விளிம்பிலும் மயிரிழை விரிசல். மற்ற மூன்று ரிங்குகளும் இறுகிக்கொண்டுதான் இருக்கின்றன. நான்குக்கும் குடுவை, ரிங் எல்லாம் ஆர்டர் போட்டேன். ஈஸ்டர் விடுமுறை முடிந்துதான் வரும்.

ஏப்ரல் 6

புதிய ரிங்குகளில் கொஞ்சம் பெட்ரோல் தடவி அழுத்தினேன், கச்சிதமாக உட்கார்ந்தன. இப்போது மூடியைத் திறந்தால் இன்ஜின் நின்றே போகிறது. சந்தோஷம்!

ஆனால் புகை அளவு பார்த்தால் சிஓ (கார்பன் மோனாக்சைடு) 3.8 சதவீதம், கலவை மிக அடர்த்தி. முன்பு யாரோ ஓட்டையைத் தேடாமல், ஸ்க்ரூவைத் திருகிக் கலவையை அடர்த்தியாக்கிச் சமாளித்திருக்கிறார்கள். ஓட்டை அடைபட்டதும் அந்தத் திருகல் தெரிகிறது. 3 மில்லிமீட்டர் நீள அலன் சாவியால் துளித் துளியாக இடப்பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் சாவியை வெளியே எடுத்துவிட்டுத்தான் ரேஸ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தட்டின் நெம்புகோல் வளைந்துவிடும். 1.3-இல் நிறுத்தினேன். திராட்டில் பாடியில் இருக்கும் ஐட்லிங் காற்று ஸ்க்ரூவில் ஐட்லிங்கை 950-க்குக் கொண்டுவந்தேன்.

மாலையில் நகர நெரிசலில் ஓட்டினேன். எண்ணெய் 95 டிகிரி, முள் அசையவில்லை. மாமாவுக்கு வீடியோ அனுப்பியாயிற்று.

மிச்சம் ஒன்று இருக்கிறது. சூடாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் நீளமாகச் சுற்றுகிறது. இது வேறு குறை. இன்ஜின் நின்று 20 நிமிடம் ஆன பிறகும் குழாயில் 2 பாருக்கு மேல் அழுத்தம் நிற்க வேண்டும், கேஜில் 1-க்குக் கீழே இறங்கிவிட்டது. பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு அல்லது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யுமுலேட்டர். அடுத்த வாரம் பின்சக்கரப் பக்கம் வண்டியைத் தூக்கி அதைப் பார்க்கிறேன்.