ஒரே 'ரைஸ்', கெமரில் எத்தனை!

கம்போடியாவுக்குப் போகிறவர்கள் 'ரைஸ்' என்ற ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அந்த நாட்டு மொழியான கெமரில் ஒரே ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புகிறார்கள். அது போதாது. வயலில் இருப்பது ஸ்ரோவ். உமி நீக்கியது அங்கோ. வெந்து தட்டுக்கு வந்துவிட்டால் பாய். நெல், அரிசி, சோறு என்று பிரித்துப் பேசும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்தான் சந்தையில் போய் 'பாய்' கேட்டு முழிப்பார்.

கஞ்சிக்கு பொபோ. சமையலறை 'ப்தேஹ் பாய்', அதாவது சோற்று வீடு! எனக்கு ரொம்பப் பிடித்தது 'டம்' என்ற வினை. மரம் நடுவதற்கும் அதுதான், சோறு ஆக்குவதற்கும் அதுதான். சோறு ஆக்குவதை 'டம் பாய்' என்பார்கள்.

அங்கோர் கோயில் பெயருக்கும் இந்த அங்கோவுக்கும் சம்பந்தம் இல்லை, காதுக்கு ஒரே மாதிரி கேட்கும், அவ்வளவுதான். கோயில் பெயர் நகர என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. நம் நகரமும் அங்கிருந்து வந்ததே.

'சாப்பிடு' இன்னும் பெரிய கதை. சாதாரணப் பேச்சில் ஞாம், மரியாதைக்கு பிசா, புத்த பிக்குவுக்கு சான், அரசருக்கு சாவோய். 'ஸீ' மாட்டுக்கும் நாய்க்கும் சொல்வது. நெருங்கிய சிநேகிதர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள், புதியவர் வாயில் வரவே கூடாது. பிக்குவிடம் 'ஞாம்' என்பதும் சரியில்லை. அகராதி தயாரிப்பவர்கள் யாருக்கு எது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கெமர் படிக்கிறவர்கள் பாயிலிருந்தும் ஞாமிலிருந்தும் தொடங்குங்கள். 'ஞாம் பாய் ஹாய் நவ்?' என்றால் 'சாப்பிட்டாச்சா?'