சத்தத்தைக் குறைத்து

நவம்பர் 3, 2024, ஞாயிறு

அப்பாவோடு ஆஸ்பத்திரியில் நான்காவது நாள். ஆறு மணிக்குக் குழாயில் 200 மில்லி கஞ்சி, ஒன்பதுக்கு ஹார்லிக்ஸ். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும், அழுத்தாதீங்க என்று நர்ஸ் மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். வலது கை அப்படியே கிடக்கிறது. பேச்சு இல்லை. தலையில் இன்னும் தீபாவளி எண்ணெய்ப் பிசுக்கு.

நவம்பர் 4

மழை. அண்ணன் பணம் போட்டுவிட்டான். ஆள் வரவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

ராத்திரி ஒரு மணி. அப்பா தூங்கவில்லை. போனைக் கட்டில் கம்பியில் சாய்த்து வைத்து 'மைக்கேல் மதன காம ராஜன்' போட்டேன். பக்கத்துக் கட்டிலில் ஆள் தூங்குவதால் சத்தம் சுத்தமாக இல்லை. அப்பாவுக்கு வசனம் வேண்டாம், முழுப் படமும் மனப்பாடம்.

சாம்பாரில் மீன் விழுந்த கதை. காமேஸ்வரனாக வரும் கமலின் வாய் ஓயாமல் அசைகிறது. நான் அவன் அப்பா பாலக்காட்டு மணி ஐயராக வரும் டெல்லி கணேஷை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் இருந்தால் கண் பேசுகிறவர் பின்னாலேயே போய்விடும். இல்லாவிட்டால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறவர் தெரிகிறார். டெல்லி கணேஷ், கமல் சொல்வதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார். எத்தனை டேக் போயிருக்குமோ.

அப்பா மனமகிழ் மன்ற நாடகத்துக்கு ஒத்திகை நடத்தும்போது சொல்வது: "எதிராளி பேசும்போது நீ என்ன செய்யுதேங்கிறதுதாம்ல நடிப்பு. சொந்த வசனத்தை எந்தக் கழுதையும் பேசிரும்."

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். திருச்செந்தூர் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லையாம். அம்மா ஆறு நாளும் விரதம், முட்டிவலியோடு. போனில் "முருகன் பாத்துக்கிடுவான்" என்றாள். பிறகு அழுதாள்.

கமலுக்கு இன்று எழுபது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கமல் 1954, டெல்லி கணேஷ் 1944. காமேஸ்வரனுக்கும் அவன் அப்பாவுக்கும் பத்தே வயது வித்தியாசம்! 'பசி'யில் ஷோபாவுக்கு அப்பாவாக ரிக்‌ஷா இழுத்தபோது முப்பத்தைந்து வயது. எங்கள் அப்பாவுக்கும் நாடகத்தில் எப்போதும் அப்பா வேஷம்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே தலைக்கு வெள்ளைப் பூச்சு. ஒரு தடவை ஒழுங்காகக் கழுவாமல் பெண் பார்க்கப் போனதாக அம்மா சொல்வாள்.

நவம்பர் 8

ஸ்கேன் ரிப்போர்ட் "நாளைக்கு". நேற்றும் நாளைக்குத்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் அண்ணனிடமிருந்து மெசேஜ். டெல்லி கணேஷ் போய்விட்டார். நேற்று ராத்திரி, ராமாபுரம் வீட்டில், தூக்கத்திலேயே. எண்பது வயது. கீழே அண்ணன் எழுதியிருக்கிறான்: 'அப்பாட்ட சொல்லாத.'

சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்பது மணி ஃபீட் கொடுத்தேன். கை நடுங்கியதில் கொஞ்சம் சட்டையில் கொட்டியது. எனக்கு ஏன் நடுங்க வேண்டும்? நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் தூத்துக்குடி போகிற பஸ் வல்லநாட்டைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி, "கணேசன் ஊரு" என்பார். சின்ன வயதில் நான் அந்தப் பக்கம் வெளிமான் தெரிகிறதா என்று தேடுவேன், அப்பா கணேசனைத் தேடுவார். என்னவோ கூடப் படித்தவர் மாதிரி அவன், இவன் என்றுதான் பேச்சு. டெல்லி என்ற பட்டத்தைச் சேர்க்கவே மாட்டார். அது டெல்லியில் நாடகம் போட்டதற்காக பாலசந்தர் வைத்தது, ஊர்க்காரனுக்கு எதுக்கு என்பார்.

பாசம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். 1964-இல் விமானப்படை, பத்து வருஷம், 74-இல் அதை விட்டுவிட்டு வெளியே வந்தவர் அவர். அதே 74-இல்தான் அப்பா தபால் இலாகாவில் சேர்ந்தார். "அவன் விட்ட வருஷம் நான் புடிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அது சிரிப்பு இல்லை என்று எனக்குப் பத்தாம் வகுப்பில்தான் புரிந்தது. கணேசனின் முதல் படம் 'பட்டினப்பிரவேசம்' டிவியில் வந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

நானூறு படத்துக்கு மேல் என்கிறார்கள். ஒன்றுக்குக்கூட இவருக்காக என்று நாங்கள் டிக்கெட் எடுத்ததில்லை.

நவம்பர் 11, திங்கள்

விமானப்படைக்காரர்கள் வந்து மரியாதை செய்திருக்கிறார்கள். மாடிப்படியில் நின்று வீடியோ பார்த்தேன். இங்கேயும் சத்தத்தைக் குறைத்துத்தான்.

பிசியோ தம்பி வந்தான். இடது கைப்பிடி பரவாயில்லையாம்.

நவம்பர் 12, செவ்வாய்

பக்கத்துக் கட்டில் அக்கா, மூடாத வாய். நான் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு திரும்பும்போது, அப்பாவைப் பார்த்தபடியே, "நம்ம வல்லநாட்டுக்காரர்லா, செத்துட்டாராம்லா, பாவம்" என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஓடிப்போய் அப்பா முகத்தைப் பார்த்தேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண்ணில் தண்ணீர் இல்லை. ஆனால் வலது கண் முதல் நாளிலிருந்தே சும்மாவே கசிகிறது, அதை வைத்து என்ன சொல்ல? காது கேட்கிறது, புரிகிறதும்கூட என்கிறார் டாக்டர். புரிந்ததா? ஐந்து நிமிஷம் அந்த முகத்தையே பார்த்தேன். மணி ஐயரைப் பார்த்த மாதிரி. ஒன்றும் பிடிபடவில்லை.

அக்காவிடம் கோபமாகப் பேசிவிட்டேன். சாயங்காலம் அவளே இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். அப்பா விழுங்க முடியாது என்பதை மறந்துவிட்டாள். நான் சாப்பிட்டேன்.

நவம்பர் 13

ராத்திரி 'சிந்து பைரவி' போட்டேன், குடித்துவிட்டு வரும் மிருதங்கக்காரர் குருமூர்த்தி வருகிற இடம். அப்பா இடது கையால் போனைத் தள்ளிவிட்டார். கீழே விழுந்து ஓரத்தில் கண்ணாடி கீறல்.

நவம்பர் 14

போடவில்லை. அவரும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 87-இல் 'நாயகன்' ஐயர், 89-இல் 'அபூர்வ சகோதரர்க'ளில் கொலைகாரக் கூட்டாளி நாலு பேரில் ஒருவர், மறு வருஷமே தலைகால் புரியாத சமையல்காரர். மூன்றையும் ஒரே ஆள் என்று நான் கண்டுபிடித்ததே காலேஜில்தான். அப்பா கேலி செய்தார். கேலி இல்லை, அவருக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அதை இப்போது அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வழியில்லை.

நவம்பர் 16, சனி

காலையில் பிசியோ தம்பி ஸ்லேட் கொண்டுவந்தான். இடது கையில் சாக்பீஸைத் திணித்து, பேர் எழுதுங்க ஐயா என்றான். பத்து நிமிஷம். ஒரு கோடு, ஒரு சுழி, பிறகு மறுபடியும் சுழி. தம்பி "க மாதிரி இருக்கே" என்றான்.

அப்பா பேர் 'க'வில் ஆரம்பிக்காது.

டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார், பிறகு எழுதுகிறேன்.