ரஜினிகாந்த் அழைக்கிறார், ஆச்சி எடுக்கிறார்

பிரபலங்கள் வீடியோ காலில் நம்மை அழைப்பது போலக் காட்டும் செயலிகள் கூகுள் பிளே ஸ்டோரில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை செய்வது மிக எளிய காரியம்தான். நாம் தேர்ந்தெடுத்த நடிகர் அல்லது கிரிக்கெட் வீரரின் பெயரும் படமும் திரையில் தோன்ற, அழைப்பு மணி ஒலிக்கிறது. எடுத்தவுடன், முன்பே பதிவான ஒரு காணொளி திரை முழுவதும் ஓடுகிறது. ஓரத்துச் சிறு கட்டத்தில் முன்பக்கக் கேமரா நம் முகத்தைக் காட்டுகிறது. வித்தை முழுவதும் அந்தச் சிறு கட்டத்தில்தான் இருக்கிறது. தன் முகத்தைத் திரையில் பார்க்கிறவர், எதிரில் இருப்பவரும் தன்னைப் பார்க்கிறார் என்று நம்பிவிடுகிறார். மற்றபடி அந்தச் செயலிக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. சற்று நேரம் கழித்து அழைப்பு வரும்படி குறித்துவைக்கும் வசதி பலவற்றில் உண்டு. கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல உட்கார்ந்திருக்க அது உதவுகிறது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இந்த விளையாட்டு கல்யாண வீடுகளில்தான் களைகட்டும். அம்பாசமுத்திரத்தில் ஒரு திருமணத்துக்கு முந்தைய இரவு, மண்டபத்தின் பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, என் அக்காள் மகன் ரஜினிகாந்தின் அழைப்பை எங்கள் ஆச்சியின் கையில் கொடுத்தான். ஆச்சி பதறவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “வாங்கய்யா, சாப்ட்டீகளா?” என்று கேட்டார். திரையில் இருந்தவர் புன்னகைத்துத் தலையசைத்தார். “நாளைக்கு எம் பேத்திக்குக் கல்யாணம், நீங்கதான் வந்து நின்னு நடத்தி வைக்கணும்” என்றார். அதற்கும் ஒரு தலையசைப்பு. முகூர்த்த நேரத்தையும், ரயிலில் வந்தால் எங்கே இறங்க வேண்டும் என்பதையும், மண்டபத்துக்கு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதையும் விளக்கிக்கொண்டே போனவர், சட்டென்று நிறுத்தி, கைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏலே, இவரு என்ன, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தலைய ஆட்டுதாரு?” என்றார். காணொளி முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. மறுநாள் பந்தியில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம், தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை ஆச்சியே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏமாந்தவரே பிறகு அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தால் மட்டுமே அதைக் கேலி என்று நான் ஒப்புக்கொள்வேன். அதற்கு, உண்மையை எப்போது உடைக்கிறோம் என்பதுதான் முக்கியம். அவர் எழுந்து வெளியே போய் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வதற்கு முன்பே, அந்த அறைக்குள்ளேயே உடைத்துவிட வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரருக்குத் தோனியிடமிருந்து இப்படி ஓர் அழைப்பு போயிற்று. காட்டியவர்கள் சொல்லாமல் விட்டார்கள். அவர் மறுநாள் காலையில் டீக்கடையில் சொன்னார். விஷயம் வெளிப்பட்டபோது தெருவே சிரித்தது. இன்று பெயர்ப்பலகையில் உள்ள பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை; தோனி அண்ணாச்சி கடை என்றால்தான் வழி காட்டுகிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பட்டப்பெயர் ஆளோடு போவதில்லை, பேரன் பள்ளிக்கூடம் போகும்போது அவனோடும் சேர்ந்து போகும். மகனிடமிருந்து வளைகுடாவிலிருந்து எப்போது அழைப்பு வரும் என்று கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடமும், கடன் தொல்லையில் இருப்பவரிடம் பண உதவி தருவதாகவும் இதை விளையாடவே கூடாது என்பது என் கட்சி.

பதிவை ஓட்டும் இந்தச் செயலி வேறு. செயற்கை நுண்ணறிவால் வேறொருவரின் முகத்தையும் குரலையும் உயிருடன் பேச வைக்கும் டீப்ஃபேக் வேறு. 2023ஆம் ஆண்டில் கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒருவரை, முன்பு உடன் வேலை பார்த்த நண்பரின் முகத்தோடும் குரலோடும் வீடியோ காலில் அழைத்து, மருத்துவச் செலவுக்கென்று 40,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மறுபடியும் பணம் கேட்டபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. உண்மையான நண்பரைத் தொடர்புகொண்டதும் குட்டு வெளிப்பட்டது. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

முகத்துக்குச் சொந்தக்காரர்களுக்கும் உரிமை உண்டு என்பதை இந்தச் செயலிகளைச் செய்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆச்சியை ‘அழைத்த’ அதே ரஜினிகாந்த், தம் பெயரைத் தலைப்பில் வைத்திருந்த ஓர் இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தம் பெயரையும் தோற்றத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை பெற்றது 2015இல். நடிகர் அனில் கபூருக்கு 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த உத்தரவு, செயற்கை நுண்ணறிவு கொண்டு அவரது முகத்தையும் குரலையும் பயன்படுத்துவதையும் தடுத்தது. வீட்டுக்குள் ஆச்சியைச் சிரிக்க வைப்பதற்கு எந்த நடிகரும் வழக்குப் போடப்போவதில்லை. அவர் முகத்தைக் காட்டி விளம்பரக் காசு பார்ப்பவரின் நிலைமை வேறு.

விளம்பரம் என்றதும் நினைவுக்கு வருகிறது: இந்தச் செயலிகளில் எந்தப் பொத்தானைத் தொட்டாலும் ஒரு விளம்பரம் எழும்பி வரும், ஆகவே கைபேசியை ஆளிடம் கொடுப்பதற்கு முன்பே அவற்றையெல்லாம் மூடி முடித்துவிட வேண்டும். ஓரக் கட்டத்துக்காகக் கேமரா அனுமதி கேட்பது நியாயம்தான். தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் கொடுக்கக் கூடாது. பதிவான காணொளியை ஓட்ட அவை எதற்கு? வேலை முடிந்ததும் நான் செயலியை நீக்கிவிடுவேன்.

ஆனாலும் அதைத் திரும்பவும் ஏற்றச் சொல்லி ஆச்சியிடமிருந்து இப்போது உத்தரவு வந்திருக்கிறது. பொங்கலுக்குத் தென்காசியிலிருந்து அவருடைய தம்பி வருகிறார். அவருக்குக் காது மந்தம் என்பதால், எதிர்முனை வாய் திறந்து பதில் சொல்லாதது ஒரு குறையாகவே தெரியாது என்று ஆச்சி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். எந்த நடிகர் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.