ஹால் ஃபேன் மாற்றிய கதை

2025 மே 17, சனி

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் ஹால் ஃபேனில் இரண்டாம் நம்பர் வேகம்தான் வருகிறது. மும்பை செம்பூர் வெயிலைக் கேட்டால் டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இங்கே கடல் ஈரத்தில் வேர்வை காயாது, காற்று ஓடினால்தான் உயிர்.

வேகம் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். பழசாக ஆக அதன் திறன் இறங்கும், மோட்டாருக்கு உந்துதல் போதாது. எலக்ட்ரீஷியன் புதுசு போட்டார். வேகம் வந்தது, கூடவே பேரிங் இரைச்சலும் வந்தது. “மாவு மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருக்குடா” என்றாள் அம்மா.

மே 18, ஞாயிறு

பேரிங்கை மாற்றி, மோட்டாரின் கம்பிச் சுற்றான காயிலையும் புதுசாகக் கட்டி ஓட்டலாமா என்று யோசனை. வேண்டாம். வீட்டை வாங்கும்போதே தொங்கிக்கொண்டிருந்த ஃபேன், உழைத்த வரை போதும்.

மே 20, செவ்வாய்

ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி லோஹார் சால் போனேன். கிராஃபோர்ட் மார்க்கெட்டைத் தாண்டினால் தெருவெல்லாம் ஒயரும் சுவிட்சும்தான். கைவண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் இடத்தில்கூட ஒருவர் ஹோல்டர் விற்கிறார்.

கடைக்காரர் எடுத்த எடுப்பில் பிஎல்டிசி ஃபேனை, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த ஃபேனைக் காட்டினார். சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். இது 30 வாட் சுமார். சுற்றும் பாகத்தில் நிரந்தரக் காந்தமே இருப்பதால், மின்சாரத்தைக் கொடுத்து அதைக் காந்தமாக்கும் செலவு மிச்சம். எங்கள் ஹாலில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடுகிறது, ஆக மாதம் இருபது யூனிட்டுக்கு மேல் குறையும். விலை கூடுதல்தான், ஆனால் இவ்வளவு ஓடும் இடத்தில் கட்டுப்படியாகும். விருந்தாளி அறைக்கு இதை வாங்குவது வீண். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம் என்பதால், பெட்டியைத் திருப்பிப் பார்த்தே ஒப்பிட முடிந்தது.

அம்மாவுக்கு மட்டும் திருப்தியில்லை. “ரிமோட் சோபா இடுக்குல போயிட்டா யார் குனிஞ்சு எடுக்கிறது?” நியாயமான கேள்வி. சுவரில் மாட்டிவைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கினேன்.

மே 24, சனி

தாராவியிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார், திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைத்த என் மனைவியைத் தடுத்து, மெயினையே இறக்கினார். பழைய வீடுகளில் சுவிட்ச் சில சமயம் நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரில் இருக்குமாம். அணைத்தாலும் மேலே கரண்ட் நிற்கும். அதற்கப்புறமும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயரைத் தொட்டார்.

மேல் கப்பை இறக்கியதும் ஸ்டூலிலேயே நின்றுவிட்டார். “அண்ணே, ஏறி வந்து பாருங்க. ஸ்பிளிட் பின்னே போடல.”

கொக்கியில் ரப்பர் உருளை, அதன் நடுவே ஒரு போல்ட், மறுமுனையில் நட்டு. முழு ஃபேனும் அந்தப் போல்ட்டில்தான் தொங்குகிறது. ஃபேன் அதிர அதிர நட்டு கழன்று வரும். போல்ட் நுனித் துளையில் செருகி இரண்டு காலையும் விரித்து விடுகிற ஸ்பிளிட் பின் கம்பிதான் அதைத் தடுக்கிறது. எங்கள் ஃபேனில் துளை மட்டும் இருந்தது. நட்டு பாதி வழி வந்திருந்தது. ரப்பரோ நகத்தால் கிள்ளினால் உதிர்ந்தது. அதற்கு நேர் கீழேதான் பையன் பாய் போட்டுப் படுப்பான்.

வாட்டும் ஸ்டாரும் பார்த்துப் பார்த்து வாங்கினேன். கடையில் இந்தப் போல்ட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு ரூபாய்ச் சாமானைப் பற்றிப் பேசி யாருக்கு என்ன லாபம்!

கொக்கியைச் சுரண்டினார். துரு மேலோடுதான், உள்ளே கம்பி கெட்டி. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியே பார்த்தார். புது ரப்பர், புது போல்ட், பின். காலை விரித்ததை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிஎல்டிசிக்குள்ளேயே வேகக் கட்டுப்பாடு இருப்பதால் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி ஒயரை நேராக இணைத்தார். இறக்கை மாட்டியதெல்லாம் பத்து நிமிஷ வேலை.

ஓடவிட்டதும் அம்மா அண்ணாந்து பார்த்தாள். “சுத்துதா?”

மே 26, திங்கள்

ஜூன் 11 வாக்கில் வர வேண்டிய பருவமழை இன்றே மும்பையில் தொடங்கிவிட்டது. ரயில் நிலவரம் மோசம், ஆபீஸ் போகவில்லை. ஃபேன் ஒன்றில் ஓடுவதே போதும்.

பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலா பழைய ஃபேனைத் தூக்கிப் பார்த்து, காயில் தாமிரமா அலுமினியமா என்று கேட்டார். தெரியாது என்றதும் அலுமினிய விலை சொன்னார். திறந்து காட்டு என்றேன், தாமிரம்.

மத்தியானம் ஏணி போட்டுப் படுக்கையறை ஃபேனின் கப்பை இறக்கினேன். அதிலும் பின் இல்லை. எலக்ட்ரீஷியன் தம்பிக்கு ஃபோன் போட்டேன், நாளைக் காலை வருகிறார். இன்று ராத்திரி எல்லோரும் ஹாலில் படுக்கை.