பிள்ளைச் சீலை

எனக்குப் பிழைப்பு மொழிபெயர்ப்பு. கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஓர் இணையக் கடையின் சரக்குப் பட்டியலைத் தமிழில் திருத்திக் கொடுக்கிறேன். முதலில் எந்திரம் மொழிபெயர்த்துத் துப்பும். அதை மனிதர் படிக்கும்படி ஆக்குவது என் வேலை. ஒரு நாள் பிரஷர் குக்கர், மறுநாள் நாய்ச்சங்கிலி. அப்படி ஒருநாள் வந்தது: ‘பிறந்த குழந்தைக்கான கட்டு, பருத்தி, 3 எண்ணம்.’ படித்தால் பிறந்தவுடனேயே பிள்ளைக்கு எங்கோ அடிபட்டுவிட்டது போலிருக்கும். மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல் ஸ்வாடில்.

‘குழந்தை சுற்றும் துணி’ என்று மாற்றி அனுப்பினேன். சென்னையில் இருக்கும் சரிபார்ப்பவர் ஒரே வரியில் திருப்பிவிட்டார்: ‘குழந்தை ஏன் சுற்றுகிறது?’ நியாயமான கேள்வி. நம் ஊரில் மின்விசிறி சுற்றும், தலை சுற்றும், வேலையில்லாத மாப்பிள்ளை ஊர் சுற்றுவார். சரி, ‘சுற்றிப் போடும் துணி’ என்று வைக்கலாமென்றால் அது கண்ணேறு கழிக்கிற சமாசாரம் ஆகிவிடும். பத்து நாள் அந்த வரி அப்படியே கிடந்தது.

அதற்குள் அக்காவுக்குப் பிரசவம் ஆனது. எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் போல நாங்களும் பேறுகாலத்துக்குத் திருவனந்தபுரம்தான் போனோம். தாய்மாமன் ஆயிற்றே, வெறுங்கையோடு போக முடியுமா? அதே ஸ்வாடில் ஒன்றை 749 ரூபாய் கொடுத்து வாங்கிப் போனேன். வெளிர்பச்சையில் குட்டி யானைகள், நெஞ்சுப்பக்கம் வெல்க்ரோ. அம்மா அதைப் பிரித்து வெல்க்ரோவை ஒருதரம் ‘சர்ர்’ என்று இழுத்தாள். பிள்ளை திடுக்கிட்டு முழித்துக்கொண்டது.

“சவத்தத் தூர வை மக்கா. இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?”

“அதைத்தான் பத்து நாளா தேடுறேன்” என்றேன்.

அம்மா பையிலிருந்து அப்பாவின் பழைய வேட்டியை எடுத்தாள். நான்காகக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். முதல் மாதம் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பது அவள் கட்சி. பத்து வருஷம் வெளுத்த வேட்டியின் மெதுமை எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால், அந்தக் கட்சியில் எனக்கும் மறுப்பில்லை. துணியைக் கட்டிலில் மூலைவாட்டில் விரித்து, மேல்முனையை ஒரு சாண் உள்ளே மடித்தாள். மடிப்பு விளிம்பு பிள்ளையின் தோளுக்கு நேராக வருமாறு கிடத்தினாள். வலக்கையை நெஞ்சோடு ஒதுக்கி, அந்தப் பக்கத்து முனையை இழுத்து இடப்பக்கம் முதுகுக்கடியில் செருகினாள். கால்மாட்டு முனையை மேலே தூக்கிவிட்டு, மிச்சமிருந்த முனையை ஒரு சுற்றுச் சுற்றிக் கழுத்துக்குக் கீழே சொருகினாள். எண்ணிப் பார்த்தால் பத்து விநாடி. அழுதுகொண்டிருந்த பிள்ளை, கீ கொடுத்து நிறுத்தினதுபோல நின்றது.

பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் கால்மாட்டைத் தொட்டுப் பார்த்தார். “அம்மே, கை பொதிஞ்ஞோளூ. காலு முறுக்கண்டா, கேட்டோ.”

“நான் ரெண்டு பெத்து வளத்தவளாக்கும்” என்று முணுமுணுத்தாலும், அம்மா கால்பக்கத்தைத் தளர்த்திவிட்டாள். சிஸ்டர் சொன்னது சரிதான். பிள்ளையின் கால்களை நேராக நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு பிசகலாம். தவளைபோல மடக்கி அகட்டிக்கொள்ள அதற்கு இடம் வேண்டும். ஜப்பானில் 1975 வாக்கில் இதையே ஓர் இயக்கமாக எடுத்து, கால்களை நீட்டிக் கட்டாதீர்கள் என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறவி இடுப்புப் பிசகு அங்கே பெருமளவு குறைந்தது. மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும், புரள ஆரம்பித்தால் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும் என்பதும் அன்று சிஸ்டர் சொன்ன பாடம்தான்.

அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குத் துணைக் கட்டில்கூட இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனில் ஸ்வாடிலின் பூர்வீகத்தைத் தோண்டினேன்.

அடியில் இருப்பது ஸ்வேத். துணிப்பட்டையால் சுற்றுவது என்று பொருள். பழைய ஆங்கிலத்திலேயே ‘ஸ்வெதெல்’ என்று சுற்றுத்துணிக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. வினைச்சொல்லின் வாலில் இருக்கும் அந்த ‘ல்’ வேறு வழியிலும் வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு செயல் திரும்பத் திரும்ப நடந்தால் சொல்லுக்கு அப்படி ஒரு வால் முளைக்கும். மினுமினுக்கிற ஸ்பார்க்கில், படபடவென்று வெடிக்கிற க்ராக்கில் எல்லாம் அந்த வகை. அந்தக் கணக்கில் ஸ்வாடில் என்றால் சுற்றிச் சுற்றிச் சுற்றுவது. ஐரோப்பாவில் அன்று பிள்ளைக்குச் சுற்றியது அம்மா விரித்த மாதிரிச் சதுரத்துணி இல்லை. நீளமான பட்டை. தோளிலிருந்து பாதம்வரை, கயிற்றுப் பம்பரம்போல.

அந்தப் பட்டை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஒரு பழைய அநாதைக் குழந்தைகள் இல்லம் இருக்கிறது. அதன் முகப்பில் நீலப் பின்னணியில் வெள்ளைக் குழந்தைகள், வட்ட வட்டமாக. ஆந்திரேயா தெல்லா ராபியா 1487-ல் செய்த சுடுமண் சிற்பங்கள். இடுப்புக்குக் கீழே இழுத்துச் சுற்றிய பட்டை அச்சு அசலாகத் தெரியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு தன் சின்னமாக வைத்திருப்பது இந்தக் குழந்தைகளில் ஒன்றைத்தான். சுற்றுவதில் கவனம் என்று உலகத்துக்கு அறிவுரை சொல்கிற அமைப்பின் லெட்டர்பேடிலேயே சுற்றின பிள்ளை!

சொல்லை ஆங்கிலேயர் ஒவ்வொருவர் வாயிலும் போட்டது வேதபுத்தகம். இயேசுவைத் துணியில் சுற்றி முன்னணையில் (மாட்டுத் தொட்டியில்) கிடத்தினார்கள் என்ற இடத்தை, 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டிண்டேல் ‘ஸ்வாட்லிங்’ துணிகள் என்று மொழிபெயர்த்தார். 1611-ல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பும் அதையே வைத்துக்கொண்டது. பிற்பாடு வீடுகளில் அந்தப் பழக்கம் தேய்ந்துபோன காலத்திலும், வருஷம் ஒருமுறை கிறிஸ்துமஸ் வாசிப்பில் சொல் உயிரோடு இருந்தது.

பழக்கத்தைத் தேய்த்தவர்களில் ஒருவர் வில்லியம் கடோகன் என்ற மருத்துவர். பிள்ளையைப் பொட்டலம் கட்டாதீர்கள், கைகாலை ஆட்ட விடுங்கள் என்று 1748-ல் எழுதினார். 1762-ல் தத்துவவாதி ரூசோவும் அதையே உரத்த குரலில் சொன்னார். இந்த ரூசோ தன் பிள்ளைகளைக் கைக்குழந்தையிலேயே அநாதை இல்லத்தில் விட்டவர். பிள்ளை வளர்ப்பில் அவர் புத்திமதியை யார் கேட்டார்களோ.

இடையில் இந்தச் சொல்லுக்கு இரண்டு கிளைக்கதை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தவை அவைதான். ஒன்று, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்வாடில் என்றால் தடியால் சாத்துவது என்றும் ஓர் அர்த்தம் இருந்தது. பிள்ளைத்துணிக்கும் அடிக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் முழித்தேன். அப்புறம் நம் பேச்சு நினைவுக்கு வந்தது. ‘துவைத்து எடுத்துவிட்டான்’, ‘வெளுத்து வாங்கிவிட்டான்’ என்கிறோமே, நாமும் அடிக்குத் துணியிடம்தான் கடன் வாங்கியிருக்கிறோம். இரண்டாவது அயர்லாந்தில். முன்பு மெதடிஸ்ட் சபையில் இருந்த ஜான் செனிக் என்ற பிரசங்கியார் எந்தப் பிரசங்கத்திலும் சுற்றிச் சுற்றித் துணியில் சுற்றின பாலகனிடமே வந்து நிற்பாராம். ஜனங்கள் அவருக்கு ‘ஸ்வாட்லிங் ஜான்’ என்று வட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அது அவரோடு நிற்கவில்லை, அயர்லாந்து மெதடிஸ்டுகள் எல்லோருமே ‘ஸ்வாட்லர்’ ஆகிப்போனார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சார்லஸ் வெஸ்லி 1747-ல் தன் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். எங்கள் சபையிலும் ஒரு பழைய உபதேசியார் மூச்சுக்கு மூச்சு ‘ஆதலால்’ என்பார். அவர் பேத்தியைப் பள்ளியில் ‘ஆதலால் வீட்டுப் பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஐரிஷ்காரர்களும் நம்மாட்கள்தான்.

ஆறாம் நாள் வீட்டுக்குப் புறப்பட்டோம். பாலராமபுரத்தில் அம்மா காரை நிறுத்தச் சொன்னாள். பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைக்க நாலு துவர்த்து வேண்டுமாம். இந்த ஊரில் தறி போட்டவர்கள், பாலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழ்ப் பக்கத்திலிருந்து கூட்டிவந்து குடிவைத்த சாலியர்கள். அங்கிருந்து ஆள் இங்கே வந்தான், இங்கிருந்து துணி அங்கே போகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி களியக்காவிளையில் எல்லை விழுந்ததெல்லாம் துவர்த்துக்குத் தெரியாது. மலையாளத்தில் அது தோர்த்து, அவ்வளவுதான் வித்தியாசம்.

வண்டியில் பொழுதுபோக வேண்டுமே என்று என் ஆராய்ச்சியை அவிழ்த்தேன். அத்தானுக்குக் கேரளத்துப் பாறசாலை. மலையாளத்தில் படித்தவர், வேதம் வாசிப்பதும் மலையாளத்தில்தான். லூக்காவில் இயேசுவைத் துணியில் சுற்றும் இடம் அங்கே எப்படி வரும் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: “சீலகள் சுற்றி, பசுத்தொட்டியில் கிடத்தி.”

சீலையா? எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. எங்களுக்குச் சீலை என்றால் அம்மா உடுத்தியிருப்பது. அத்தானுக்கோ சும்மா துணி. அப்புறம்தான் உறைத்தது, தமிழிலும் அது ஒருகாலத்தில் சும்மா துணிதான். திரைச்சீலையில் இன்றும் அப்படியே தொங்குகிறதே.

“யோபுல பாரு” என்றாள் அம்மா பின்சீட்டிலிருந்து. “கர்த்தர் கடலுக்குத் துணி உடுத்துவாரே.”

பார்த்தேன். வேதத்தில் யோபு புத்தகம், 38-ஆம் அதிகாரம், 9-ஆம் வசனம். கடல் பிறந்த கதையைக் கடவுள் யோபுவிடம் சொல்கிற இடம். கர்ப்பத்திலிருந்து பிள்ளை வருவதுபோல கடல் பீறிக்கொண்டு வருகிறது. அதற்கு மேகம் உடுப்பு, காரிருள் சுற்றுப்பட்டை. ஆங்கிலத்தில் அங்கே இருப்பது நம் ஸ்வாடில்தான். தமிழ் பழைய மொழிபெயர்ப்பில்: ‘இருளை அதற்குப் புடவையாகவும்.’

புடவை! சின்ன வயதில் ஞாயிறுப் பள்ளியில் இதைக் கேட்டு, முட்டம் கடற்கரையில் கறுப்புப் புடவை கட்டின ஒரு பெரிய பெண்பிள்ளையைக் கற்பனை பண்ணியிருக்கிறேன். மொழிபெயர்த்தவர் மனசில் இருந்தது வேறு. அன்று புடவை என்றாலும் பொதுவாகத் துணிதான். அந்த வசனத்தில் கடல் பிறந்த அன்றைய பிள்ளை, இருட்டுத் துணியில் கைகாலை அடக்கிச் சுற்றிக் கிடத்தியிருக்கிறது. இந்த மொழிபெயர்ப்புக்கு முன்னால் என்னைப்போன்ற கூலிக்காரன் கணினியை மூடிவைக்க வேண்டியதுதான்.

ஆங்கிலக்காரன் ‘சுற்று’ என்ற சொல்லை எடுத்துப் பிள்ளைக்கென்று ஒதுக்கிவிட்டான். நாம் ‘துணி’ என்ற சொல்லை எடுத்துப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டோம், சீலையையும் புடவையையும். ஆனால் வீட்டில் பிள்ளையைச் சுற்றுவதற்கு நைந்த சீலையைத்தான் எடுக்கிறோம், தூளி கட்டுவதும் அதில்தான். அக்காவும் நானும் கிடந்தது பாட்டியின் ஊதாச் சுங்கடிச் சீலையில். அதில் ஒரு துண்டு இன்னும் அம்மாவின் தகரப்பெட்டியில் இருக்கிறது.

களியக்காவிளைச் செக்போஸ்ட்டில் வண்டி ஊர்ந்தது. பிள்ளை முழித்துச் சிணுங்கியது. வேட்டியை உதறிக்கொண்டு ஒரு கை வெளியே வந்திருந்தது. அக்கா தடுமாறினாள்.

“இங்க தா, நான் பொதிஞ்சு தாறேன்” என்றாள் அம்மா.

பொதிஞ்சு. இந்தச் சொல்லைத்தான் ஆஸ்பத்திரியில் சிஸ்டரும் சொன்னார். காது கேட்டது, மூளை கேட்கவில்லை. வாழையிலையில் சோற்றை வைத்து நாங்கள் கட்டிக்கொண்டு போவது பொதிசோறு. சோற்றையும் பிள்ளையையும் ஒரே வினையில் அடக்குகிற ஊரில் பிறந்துவிட்டு, இத்தனை நாளாக அகராதிகளில் தேடியிருக்கிறேன்.

வீடு வந்து பையை இறக்கினதும் மாடிக்கு ஓடி, ‘பிள்ளை பொதியும் சீலை, பருத்தி, 3 எண்ணம்’ என்று அனுப்பினேன். அன்று சாயங்காலமே பதில்: ‘பொதி என்றால் கழுதை மேல் ஏற்றுவது. சீலை என்று போட்டால் புடவை கேட்டு வருவார்கள். ஸ்வாடில் என்றே தமிழில் எழுதவும்.’

எழுதிவிட்டேன். நான் வாங்கின யானைபோட்ட ஸ்வாடில் இப்போது மிக்சிக்கு உறையாக இருக்கிறது, வெல்க்ரோ நன்றாகப் பிடிக்கிறது. எனக்குக் கூலி மூலத்தில் இருக்கும் சொற்கணக்குக்குத்தான். ஸ்வாடில் ஒரு சொல், எண்பது பைசா.