பேனலும் மூடுபனியும்
கோத்தகிரி வீட்டு மேல சோலார் பேனல் போட்டு ஆறு மாசம். 3 கிலோவாட், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். இன்னிக்குப் பத்தரை வரைக்கும் மூடுபனி. முக்கால் யூனிட்கூட ஏறல. மாமா கூரையை அண்ணாந்து பாத்துட்டு, "பைக்காரா ஆத்துத் தண்ணி 1932லயே கரண்டு குடுத்துச்சு மாப்ளே, உன் கண்ணாடி இன்னும் தூங்குது"ன்னார்.

குந்தாவுல கட்டுற 500 மெகாவாட் நீரேற்று திட்டத்தைச் சொன்னேன். சமவெளியில வெயிலும் காத்தும் மிஞ்சுற நேரம் அவலாஞ்சி-எமரால்டு அணைத் தண்ணிய மேல இருக்குற போர்த்திமந்து அணைக்கு ஏத்திட்டு, ராத்திரி ஊரே லைட்டு போடுறப்ப திறந்து விட்டு கரண்டு எடுப்பாங்க.

"ஏத்தி, மறுபடி இறக்கவா?" விழுந்து விழுந்து சிரிச்சார். ஏத்துறதுக்குத்தான் அதிக கரண்டு ஆகும்னு சொல்லல.

பதினொன்றரைக்கு வெயில் வந்துச்சு. மாமா தூங்கிட்டார்.